கீழ்ச்சரிவு மடுவும் அவை உறுப்பினர் குரங்கும்

ஒரு காட்டில், வெயில் முதலில் வந்து விழும் கீழ்ச்சரிவில், குடிதண்ணீருக்கென்று ஒரே ஒரு மடு இருந்தது. கோடையிலும் வற்றாத ஆழமான மடு. முயலானாலும் மானானாலும் காட்டெருமையானாலும் அதில்தான் வாய் வைத்தாக வேண்டும்.

அந்தக் காட்டை ஆண்ட சிங்கத்துக்கு ஓர் அவை உண்டு. மூன்று நாள் நடைத் தொலைவில், மலை உச்சியில் அது கூடும். ஒவ்வொரு சரிவும் தன் குறைகளை எடுத்துச் சொல்ல ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். கீழ்ச்சரிவு அனுப்பியது சொல்லழகன் என்ற குரங்கை. அது பேசினால் பட்டமரமும் தலையாட்டும் என்று காடே சொல்லும்.

அந்தக் கோடையில் ஆறு வற்றியது. ஆற்றில் கிடந்த நான்கு முதலைகள் ஊர்ந்து வந்து மடுவில் இறங்கின.

"இது அவையின் உத்தரவு" என்றன.

அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கப் போனவற்றில் சில திரும்பி வரவில்லை. சிலும்பி என்ற முள்ளம்பன்றியின் குட்டியும் அப்படித்தான் போயிற்று. பிறந்து நான்கு மாதம்தான். முதுகு முள்கூட இன்னும் சரியாக நீளவில்லை. தாய் ஒரு கிழங்கைக் கிளறிவிட்டுத் திரும்புவதற்குள், கரையில் ஈரம் மட்டுமே இருந்தது.

சிலும்பி அழவில்லை. அதற்குக் கோபம்தான் வந்தது. சாப்பிடும்போதும் நடக்கும்போதும் அந்தக் கோபம் கூடவே இருந்தது.

மாதம் ஒருமுறை, காலையில், சொல்லழகன் கீழ்ச்சரிவுக்கு வரும். மடுக்கரை மருதமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அவையில் நடந்ததைச் சொல்லும். அந்த மாதமும் வந்தது.

"என் அருமைச் சொந்தங்களே! வடசரிவு எல்லைத் தகராறு பேச்சுவார்த்தையில் இருக்கிறது. தேனடைப் பாதுகாப்புச் சட்டத்தை இரண்டாம் முறை படித்து முடித்துவிட்டோம். கழுகுகள் எவ்வளவு தாழப் பறக்கலாம் என்பது பற்றி, நிழல் இரண்டு முழம் நகரும்வரை நான் ஒருவனாகப் பேசினேன். அரசரே அசந்துபோனார்!"

"மடு என்ன ஆயிற்று?" என்று கேட்டது சிலும்பி.

"நல்ல கேள்வி, தாயே! இப்படிக் கேட்பவர்கள் இருப்பதால்தான் இந்தச் சரிவுக்கே பெருமை. மடு விஷயம் தீவிரப் பரிசீலனையில் இருக்கிறது. ஆராய்வதற்கு ஒரு குழுவே அமைத்திருக்கிறோம்."

"குழுவில் யார் யார்?"

"விஷயம் தெரிந்தவர்கள்தான்."

"யார் என்று கேட்டேன்."

"நான்கு முதலைகள். தண்ணீரைப் பற்றி அவற்றைவிட யாருக்கம்மா தெரியும்?"

"ஆமாம், ஆமாம்" என்றது காட்டெருமை. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவது அதன் வழக்கம். மற்ற விலங்குகளும் தலையாட்டின. கூட்டம் கலைந்தது.

'அங்கே இந்தக் குரங்கு என்னதான் பேசுகிறது என்று நானே போய்க் கேட்கிறேன்' என்று சிலும்பி கிளம்பிவிட்டது. மூன்று நாள் நடந்து, பாதம் வெடிக்க மலை ஏறி, அவைக்குப் பின்னால் ஒரு பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது.

அன்று சிங்கம் கேட்டது: "மழை வரும்வரை கீழ்ச்சரிவு மடு முதலைகளிடமே இருக்கட்டுமா? உறுப்பினர் என்ன சொல்கிறீர்?"

சொல்லழகன் எழுந்தது. அதன் வாயெல்லாம் நாவல்பழச் சாறு. ஆற்றங்கரை நாவல்தோப்பு முழுவதையும் முதலைகள் அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டன என்று, இடுக்கிலிருந்த ஓணான் ஒன்று முணுமுணுத்தது.

"எங்கள் சரிவில் ஒரு குறையும் இல்லை, அரசே. குட்டிகள்கூட முதலைகளின் முதுகில் ஏறி விளையாடுகின்றன."

சிலும்பியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. பாய்ந்துபோய் அந்த வாயிலேயே குத்தலாம் போல இருந்தது. ஆனால் வாசலில் இரண்டு சிறுத்தைகள் காவல் இருந்தன. 'இங்கே கத்தினால் என்னை இழுத்து எறிந்துவிடுவார்கள். ஊரில் போய் நான் சொன்னால், நாலு வார்த்தையில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடும் இந்தக் குரங்கு. இதை இதன் வாயாலேயே பிடிக்க வேண்டும்.' பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியது.

அடுத்த மாதம் மருதமரத்தடியில் கூட்டம் கூடியது. சொல்லழகன் மேல் கிளையிலிருந்து கையை விரித்தது.

"மகிழ்ச்சியான செய்தி! காலை வேளையில் கரைக்கு வரும் எவரையும் முதலைகள் தொடக்கூடாது என்று அவையில் போராடி உத்தரவு வாங்கிவிட்டேன். இனி மடு பத்திரம்!"

விலங்குகள் ஆரவாரம் செய்தன. சிலும்பி முன்னால் வந்தது. சண்டை வரப்போகிறது என்று முயல் இரண்டடி பின்வாங்கியது. சிலும்பியோ தலை குனிந்து வணங்கியது.

"இவ்வளவு பாடுபட்டவர் நீங்கள், ஐயா. இப்போது காலை வேளைதானே? முதல் வாய்த் தண்ணீரை நீங்கள்தான் குடிக்க வேண்டும்."

"ஆமாம், ஆமாம்! முதல் வாய் அவருக்குத்தான்!" என்றது காட்டெருமை.

குரங்கு பின்னந்தலையைச் சொறிந்தது. "உங்கள் அன்புக்கு நன்றி. எனக்கு இன்று விரதம்."

"வாயில் நாவல்பழம் ஒழுகுகிறதே?"

"அது மருந்து. தொண்டை கட்டியிருக்கிறது. பச்சைத் தண்ணீர் ஆகாது."

"குடிக்க வேண்டாம். இறங்கிவந்து காலை மட்டும் நனையுங்கள்."

"எனக்கு மேல்சரிவில் வேறொரு கூட்டம் இருக்கிறதே, தாயே!"

அப்போது மருளி என்ற பெண்மான் வாய் திறந்தது. இலை அசைந்தாலே ஓடுகிற மான் அது. ஒரு கூட்டத்திலும் அது பேசியதில்லை.

"ஐயா, என் குட்டி மூன்று நாளாக நாக்கு வறண்டு கிடக்கிறது. பத்திரம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இப்போது அனுப்பட்டுமா?"

குரங்கு மான்குட்டியைப் பார்த்தது. பிறகு மடுவைப் பார்த்தது. நடுத் தண்ணீரில் இரண்டு கண்கள் திறந்து மூடின.

"அனுப்பம்மா, தாராளமாக அனுப்பு" என்றது. சொல்லும்போதே இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டது.

அது ஏறியதை எல்லா விலங்குகளும் பார்த்துவிட்டன.

சிலும்பி மான்குட்டியின் குறுக்கே போய் நின்றது. அதன் முட்கள் கலகலவென்று அதிர்ந்தன.

"அடே! பச்சைக்குட்டியைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நீ கிளைக்கு ஏறுகிறாயா? உன் வாயில் ஒழுகுவது பழச்சாறு என்றா நினைத்தாய்? அது எங்கள் பிள்ளைகளின் இரத்தம்! கேளுங்கள், நான் அவைக்குப் போனேன். என் காதால் கேட்டேன். நமக்குக் குறையே இல்லையாம். நம் குட்டிகள் முதலை முதுகில் விளையாடுகின்றனவாம். என் குட்டி எங்கே விளையாடுகிறது? சொல்லடா, எங்கே?"

"இது எதிரிகளின் சதி! அப்படித்தானே, நண்பா?" என்று குரங்கு காட்டெருமையைப் பார்த்துக் கத்தியது.

"இல்லை" என்றது காட்டெருமை. அதன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் காடு கேட்டது. அது தலையைக் குனிந்து மரத்தை ஒரு முட்டு முட்டியது. சொல்லழகன் மரத்துக்கு மரம் தாவி ஓடியது. பிறகு அது அந்தப் பக்கம் வரவேயில்லை.

"வேறொரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவோம்" என்றது முயல்.

"அது அப்புறம். முதலில் எல்லாரும் போவோம்" என்றது சிலும்பி.

எல்லாரும் போனார்கள். இருநூறு விலங்குகள் மலையேறி வந்து நின்றதைப் பார்த்ததும் காவல் சிறுத்தைகள் ஒதுங்கிக்கொண்டன.

"உங்கள் உறுப்பினர் எங்கே?" என்றது சிங்கம்.

"ஓடிவிட்டது. நாங்களே வந்திருக்கிறோம். எங்கள் மடு எங்களுக்கு வேண்டும்" என்றது சிலும்பி.

"உத்தரவு போட்டாகிவிட்டது. மழை வரட்டும், பார்ப்போம்."

"சரி, அரசே. அதுவரை எங்களுக்குத் தாகம் எடுக்குமே. இங்கேயே குடித்துக்கொள்கிறோம்."

அவைக்குப் பக்கத்தில் சிங்கம் தண்ணீர் குடிக்கும் சுனை இருந்தது; இருநூறு தலைகளும் அதில் குனிந்தன. உச்சி வெயிலுக்குள் சுனை சேறாயிற்று. தாகத்தோடு வந்து நாக்கை நீட்டிய சிங்கத்துக்கு மண்தான் கிடைத்தது. அன்று பொழுது சாய்வதற்குள் உத்தரவு இரத்தானது. முதலைகள் தொலைவிலிருந்த பெரிய ஏரிக்குத் துரத்தப்பட்டன.

கீழ்ச்சரிவு முயலைப் புது உறுப்பினராக்கியது. இனி யார் உறுப்பினரானாலும் தரையில் நின்றுதான் பேச வேண்டும் என்று விதி செய்தார்கள்.

மடு திரும்பக் கிடைத்தது. சிலும்பியின் குட்டி கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் சிலும்பி முதல் ஆளாக வந்து, முட்களை விரித்தபடி, முயலுக்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டது.

நீதி: தான் வாய் வைக்காத தண்ணீரைப் பிறரைக் குடிக்கச் சொல்பவனை நம்பாதே.