நாலு தட்டுக்குள் ஒரு பேர்

"கையெழுத்துப் போடட்டுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு டீச்சர்."

அருள்தாஸ் வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை. முதுகில் பார்சல் பை. தலையில் ஹெல்மெட்.

நஸ்ரின் ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிரித்து மடியில் வைத்திருந்தாள்.

"ஹெல்மெட்டைக் கழட்டுண்ணா. ஒண்ணும் கேக்கல."

கழற்றினான். திரும்பவும் கேட்டான்.

"யாரு கையெழுத்து?" என்றாள் அவள்.

"என்னுதுதான்."

"அப்ப என்னை ஏன் கேக்குற?"

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. அவளுக்கு இருபத்தெட்டு. அவன் அவளை டீச்சர் என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். இதில் பெரியவர் யார் என்று சென்னைக்குத் தெற்கே இருந்த அந்த வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

அவள் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவள். லேப்டாப்பில் பாட்டுக்குத் தாளம், அதாவது பீட், போடுவாள். அருள்தாஸ் ராப் பாட ஆரம்பித்த புதிதில், எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் மைக்கை நிறுத்தினாள்.

"கத்தாதண்ணா. பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லு," என்றாள்.

அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்குப் போய்ப் பாத்ரூமில் சொல்லிப் பார்த்தான். அன்றிலிருந்து அவள் டீச்சர்.

இப்போது கம்பெனி வந்திருந்தது. சின்னக் கம்பெனி இல்லை. பாதி சினிமாப் பாட்டு அவர்கள் கையில்தான். அங்கிருந்து ஷ்ரவண் என்று ஒரு பையன் வந்து தேடிப் பிடித்து, நல்ல மரியாதையாகப் பேசி, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தான்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் நஸ்ரின்.

"'எறங்கி வா' பாட்டு அவங்களுக்கு. இனிமே எழுதுறதும் அவங்களுக்கு. வெளிய எங்க பாடுறதா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும். மத்ததெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க."

"அவ்ளோதானா?"

"பாட்டுல ஒரே ஒரு எடத்தை மாத்தணும்னாங்க. பெருசா ஒண்ணுமில்ல. அந்த நாலு தட்டு."

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

அந்த நாலு தட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

குடியிருப்பில் லிப்ட் கிடையாது. குழாய் கீழே, வீடு மேலே. குடம் நிறைந்ததும் பெண்கள் தலையை அண்ணாந்து பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளை இறங்கி வந்து ஒரு கை பிடிக்கும். காலையிலும் மாலையிலும் அங்கே காற்றில் பேர்களாகவே இருக்கும்.

அதைத்தான் அருள்தாஸ் பாட்டாக எழுதினான்.

*கொடம் நெறஞ்சிது, கையி வலிக்குது,*
*மூணு மாடி, முட்டி நோவுது,*
*யாரு மேல? யாரு மேல?*

இதற்கு அப்புறம், பீட்டில் நாலு தட்டு விழுகிற நேரத்துக்கு ஒரு வரி. அப்புறம், *எறங்கி வா.*

தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் முதன்முதலாகப் பாடியபோது அந்த ஒரு வரி அவனுக்கு மறந்துவிட்டது. சுத்தமாக மறந்துவிட்டது. பீட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவன் திருதிருவென்று விழித்தான்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"லோகேசூ."

தேசம்மா கூப்பிட்டிருந்தாள். லோகேஷ் அவளுடைய ஒரே மகன். கடலில் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் பேரை யாரும் கேட்டதில்லை. குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறுவாள்.

அருள்தாஸ் சட்டென்று *எறங்கி வா* என்று முடித்தான்.

அடுத்த சுற்றில் இன்னொருத்தி தன் பிள்ளையைக் கூப்பிட்டாள். அதற்கடுத்து ஒரு ஆட்டோக்காரர், துபாயில் இருக்கும் தம்பியை. அவ்வளவுதான், அந்த வரி போனது போனதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அருள்தாஸ் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான். நாலு தட்டுக்குள் யாருக்கு யாரைக் கூப்பிட வேண்டுமோ கூப்பிட்டுக்கொள்ளலாம். முதல் சுற்று மட்டும் தேசம்மாவுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"நாலு தட்டு சும்மா இருந்தா கேக்குறவன் அடுத்த பாட்டுக்குப் போயிடுவானாம்," என்றான் அருள்தாஸ். "அதனால அங்க 'செல்லக்குட்டி'ன்னு போடச் சொல்றாங்க. எல்லார் வீட்டுக்கும் பொருந்தும் இல்ல?"

"பொருந்தும்," என்றாள் நஸ்ரின்.

"கிண்டல் பண்றியா?"

"இல்லண்ணா. நல்லாத்தான் இருக்கு."

அவன் இன்னும் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், நாள் பூரா பொகையில ஓட்டுறேன். இந்தத் தொண்டை இன்னும் எத்தினி நாளைக்கு? பழம் நழுவிப் பால்ல வுழுந்திருக்கு. எடுத்துத் துன்னத் தெரியாதவன்னு மெர்சி என்னைக் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா. ஆனா பயமாவும் இருக்குது. நீ சொல்லு."

மெர்சி அவன் மனைவி. அவள் அப்படிச் சொல்லிக் காட்டுகிறவள் இல்லை. அவனாகவே சொல்லிக்கொண்டான்.

நஸ்ரின் ஸ்பீக்கரின் மூடியைத் தேடி எடுத்தாள்.

"அந்தப் பாட்டை எனக்குக் குடு," என்றாள்.

"இன்னாது?"

"திங்கக்கெழமை வரைக்கும் அது என்னுது. பாடணும்னா என்னைக் கேளு. கம்பெனி சொன்ன மாதிரியே பாடு. நடுவுல செல்லக்குட்டி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. ஸ்பீக்கரைப் புடி, மூடணும்."

அவன் வண்டியை விட்டு இறங்கி, சிரித்துக்கொண்டே பிடித்தான்.

மறுநாள் சிக்னலில் நிற்கும்போது வாய் முணுமுணுத்தது. சட்டென்று ஞாபகம் வந்து போன் போட்டான்.

"டீச்சர், பாடட்டுமா?"

"பாடுண்ணா."

அதற்கு மறுநாள் காலையில் குளிக்கப் போகும்போது போனைக் கையில் எடுத்தான். மெர்சி பார்த்தாள்.

"குளிக்கிறதுக்குமா கேக்கணும்?"

"குளிக்கிறதுக்கு இல்ல. உள்ள பாடுறதுக்கு."

"நல்ல டீச்சர், நல்ல புள்ள," என்று அவள் வாளியை நகர்த்தி வைத்தாள்.

எப்போது கேட்டாலும் நஸ்ரின் சரி என்றாள். ஒரு தடவைகூட மறுக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. வெள்ளிக்கிழமை அவனே நேரில் வந்தான்.

"இதுல இன்னா கஷ்டம் டீச்சர்? கேட்டா குடுக்குற. அவங்களும் குடுப்பாங்க."

"கஷ்டம்னு நான் சொன்னேனா?"

"சொல்லல."

"அப்புறம்?"

அவனுக்குப் பாதித் தெம்பு வந்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பாதி முடிவும் செய்துவிட்டான். மீதிப் பாதி ஏன் வரவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

வெயில் இறங்கியதும் தொட்டி மைதானத்தில் கூட்டம் சேர்ந்தது. நஸ்ரின் ஸ்பீக்கரை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். மற்றப் பையன்கள் பாடி முடித்தார்கள். அருள்தாஸ் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அவள் தலையசைத்தாள்.

தேசம்மா வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்த கை, தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தது. முன்வரிசையில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

*கொடம் நெறஞ்சிது, கையி வலிக்குது…*

கூட்டம் தலையாட்டியது.

*யாரு மேல? யாரு மேல?*

தேசம்மா முகத்தை அண்ணாந்தாள். வாயைத் திறந்தாள்.

"செல்லக்குட்டி!" என்றான் அருள்தாஸ். மைக்கில், கணீரென்று.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பையன்கள் விசில் அடித்தார்கள். புதுசாக இருந்தது அவர்களுக்கு. இரண்டாவது சுற்றில் எல்லோருமே செல்லக்குட்டி என்று கூடச் சேர்ந்து பாடினார்கள். மைதானம் அதிர்ந்தது. ஷ்ரவண் சொன்னது சரிதான், வரி ஒட்டிக்கொண்டது.

தேசம்மாவும் கைதட்டினாள். அருள்தாஸ் அதைப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பாட்டு முடிந்ததும் அவள் அவனிடம் வந்தாள்.

"நல்லா கீதுப்பா. இப்பதான் பாட்டு முழுசா கீது."

"அக்கா…"

"கம்பெனிக்காரங்க வந்தாங்களாமே. நஸ்ரினு சொல்லிச்சு. நல்லபடியா போ. உன் கொரல் ஊரெல்லாம் கேக்கட்டும்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அதில் ஒரு துளி குத்தல்கூட இல்லை. இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

போகத் திரும்பியவள் நின்றாள்.

"அவனை நான் செல்லக்குட்டின்னு கூப்புட்டதே இல்லப்பா. எருமைன்னுவேன், சோம்பேறின்னுவேன். கோவம் வந்தா தடிமாடு." கொஞ்சம் சிரித்தாள். "கூப்புட்டிருக்கலாம், இல்ல?"

அருள்தாஸுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழக்கூடாது என்று அதைக் கீழே வைத்தான்.

நஸ்ரின் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"இன்னா?"

"அக்கா வாயைத் தொறந்து மூடும்னு."

"தெரியாதுண்ணா. அது எழுந்து போயிடும்னு நெனச்சேன்." அவள் குரலும் சரியாக இல்லை. "கை தட்டும்னு நெனைக்கல."

"ஏன் டீச்சர், சொல்லிருக்கலாம் இல்ல?"

"நீ கையெழுத்தைப் பத்திதானே கேட்ட."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போனை எடுத்தான்.

"வயரைச் சுருட்டாத," என்றான்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஷ்ரவண் உடனே எடுத்தான்.

"சொல்லுங்க ப்ரோ. நல்ல செய்திதானே?"

"ரெண்டு விஷயம் ப்ரோ. ஞாயித்துக்கெழமை எங்க மைதானத்துல பாடுறதுக்கு நான் யாரையும் கேக்க மாட்டேன்."

"பேசலாம் ப்ரோ. எழுதி வாங்கிக்கலாம். அடுத்தது?"

"செல்லக்குட்டி வேணாம். அந்த நாலு தட்டு சும்மா இருக்கணும். இதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கே வந்து போடுறேன். இல்லன்னா விட்டுருங்க."

நஸ்ரின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஷ்ரவண் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது.

"ப்ரோ, எனக்கு உங்க பாட்டு பிடிக்கும். அதான் உங்களைத் தேடி வந்தேன். ஆனா மேல இருக்கிறவங்க கேப்பாங்க. அந்த இடத்துல என்ன இருக்குன்னு நான் அவங்களுக்குச் சொல்றது? ஒண்ணும் இல்லையே."

"கட் பண்ணாதீங்க. கேளுங்க."

அருள்தாஸ் போனை நஸ்ரினிடம் கொடுத்தான். அவள் அதைக் கூட்டத்தின் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மறுகையால் பீட்டைப் போட்டாள்.

தேசம்மா மைதானத்தின் ஓரம்வரை போயிருந்தாள். பீட் கேட்டுத் திரும்பினாள்.

அவன் மைக்கை எடுத்தான். கத்தவில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்வதைப் போலச் சொன்னான்.

*கொடம் நெறஞ்சிது, கையி வலிக்குது,*
*மூணு மாடி, முட்டி நோவுது,*
*யாரு மேல? யாரு மேல?*

வாயை மூடிக்கொண்டான்.

ஒரு தட்டு போனது. பையன்கள் செல்லக்குட்டி சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். இரண்டாவது தட்டும் போனது. தேசம்மா அவனைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பது போல் இருந்தது அந்தப் பார்வை. அவள் இதுவரை யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

அவன் மைக்கைக் கீழே இறக்கினான்.

"லோகேசூ…"

மூன்றாவது மாடிக்குக் கேட்கிற குரல்.

*எறங்கி வா,* என்றான் அருள்தாஸ்.

நஸ்ரின் பீட்டை நிறுத்தினாள். போனை அவனிடம் நீட்டினாள். அவன் காதில் வைத்தான்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தான்.

அப்புறம் ஷ்ரவண் கேட்டான்.

"ப்ரோ… அந்தப் பையன் எறங்கி வந்துட்டானா?"