சடுகுடு ஆசானும் ராஜாவின் ஆசனமும்

வெண்ணிமலைப் பாளையத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மரியாதைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ராஜாவுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது என்பது அங்கே பூட்டன் காலத்துச் சட்டம். காட்டினால் தலை போகும். அதனால் சபைக்கு வந்தவர்கள் பின்பக்கமாகவே நடந்து வெளியேறுவார்கள். சாதுரியமாகப் பேசுவதையே உத்தியோகமாக வைத்திருந்த திருமேனியின் பின்மண்டையில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு நிரந்தரமாகக் குடியிருந்தது. வாசல் நிலையில் இடித்து இடித்து வந்த சொத்து அது!

ராஜா உக்கிர பூபதிக்கு ஒரே ஒரு மனக்குறை. அரண்மனைச் சடுகுடு அணி வருஷா வருஷம் கரிசல்குளத்து அணியிடம் மண்ணைக் கவ்வியது. கரிசல்குளத்து ராஜா சும்மா இருப்பாரா? ஜெயித்த கையோடு ஒரு குடம் தைலம் கொடுத்துவிட்டுப் போவார். "பாவம், பிள்ளைகளுக்குத் தேய்த்து விடுங்கள்" என்று ஒரு கரிசனம் வேறு.

ஆசானை மாற்றிப் பார்த்தார் ராஜா. குண்டு ஆசான் வந்தார், ஒல்லி ஆசான் வந்தார், மலையாளத்திலிருந்து மந்திரம் தெரிந்த ஆசான்கூட வந்தார். தைலம் வருவது மட்டும் நிற்கவில்லை.

"இனிமேல் தோற்கிற ஆசானுக்கு மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் துரத்துவேன்! சொல்லுங்கள், யார் புது ஆசான்?" என்று சபையில் உறுமினார்.

தளவாய் வீரபாகு தொண்டையைச் செருமினார். திருமேனியைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"நம் திருமேனி இருக்கும்போது வெளியே தேடுவானேன் மகாராஜா? வாயாலேயே மலையைப் புரட்டுகிறவர். நாலு பிள்ளைகளைப் பழக்கி எடுக்க மாட்டாரா?"

"சபாஷ்! திருமேனி, நீரே ஆசான்."

சடுகுடுவில் திருமேனிக்குத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். "உத்தரவு மகாராஜா" என்று பின்பக்கமாக நடந்தார்.

ணங்!

புடைப்பைத் தடவிக்கொண்டே மைதானத்துக்குப் போனவர், பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஒவ்வொருவனும் புலி! அணித்தலைவன் முத்திருளன் பாடிப் போனால் பத்துக் கை சேர்ந்தாலும் பிடிக்க முடியவில்லை. இவர்களா தோற்றார்கள்?

அந்த நேரம் பார்த்து ராஜா வந்தார். தம் அணிக்குப் பின்னால் போட்டிருந்த ஆசனத்தில் அமர்ந்தார். அவ்வளவுதான், புலிகள் எல்லாம் நண்டுகளாகிவிட்டன. முத்திருளன் ராஜாவைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடுக்கோட்டைத் தாண்டினான். போனவன் போனவன்தான். லட்டுபோல் பிடித்துவிட்டார்கள்.

ராஜா கிளம்பியதும் திருமேனி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனப்பா, எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டா போவார்கள்?"

"வேற யாருக்குங்கய்யா காட்டுறது? எதிரிக்குக் காட்டினா ஆட்டந்தான் போவும். ராஜாவுக்குக் காட்டினா தலையில்ல போவும்!"

"முன்னே இருந்த ஆசான்களிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே?"

"அவுகளும் எங்கள மாதிரி பின்பக்கமாவேதான நடந்தாக? யாருக்கும் வித்தியாசமாப் படலீங்க."

திருமேனிக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருஷம் மண்டையில் இடித்துக்கொண்டும் தமக்கே படவில்லையே! சட்டத்தை மாற்றச் சொல்லலாமா? கேட்டவன் தலைதான் முதலில் உருளும். போட்டிக்கு வராதீர்கள் என்று ராஜாவிடம் சொல்லலாமா? பயந்துவிட்டார் என்று கரிசல்குளத்தார் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

போட்டி நாள் வந்தது. கரிசல்குளத்து ராஜா மீசையை முறுக்கியபடி எதிர்ப்பக்கம் அமர்ந்தார். பக்கத்திலேயே தைலக்குடம். திருமேனி உக்கிர பூபதியின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, ஆசனத்தைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள்."

"என்ன உளறுகிறீர்? ஆட்டத்தை யார் பார்ப்பது?"

"இவர்கள் ஆட்டத்தைத் தாங்கள் பார்ப்பதா? அந்தத் தகுதி இவர்களுக்கு ஏது? அதைக் கரிசல்குளத்து ராஜாவுக்குச் சொல்லாமல் சொல்லுங்கள் மகாராஜா. அந்த மனிதர் முகம் போகிற போக்கை நான் பார்த்துச் சொல்கிறேன்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆசனம் திரும்பியது. இப்போது அவருக்கு எதிரே ஒரு புளியமரமும் திருமேனியும் மட்டுமே. ராஜாவைப் பார்த்து நின்ற திருமேனிக்கு, அவர் தலைக்கு மேலே மைதானம் முழுவதும் தெரிந்தது. தளவாயோ ஆட்டம் நன்றாகத் தெரியட்டும் என்று ஆசனத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திருமேனி தோற்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டாமா?

முத்திருளன் தயங்கித் திரும்பிப் பார்த்தான். ராஜாவின் முகம் தெரியவில்லை, தலைப்பாகையின் பின்பக்கம்தான் தெரிந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எதிரியை நேருக்கு நேர் பார்த்தபடி பாய்ந்தான்!

"என்ன கூச்சல்? யார் விழுந்தது?" என்று புளியமரத்தைப் பார்த்துத் தவித்தார் ராஜா.

"அவர்கள்தான் மகாராஜா."

"இப்போது?"

"இப்போதும் அவர்கள்தான்."

ஆட்டம் முடிந்தபோது கரிசல்குளத்து ராஜா தைலக்குடத்தை எடுக்கக்கூட நிற்காமல் பல்லக்கு ஏறிவிட்டார். உக்கிர பூபதி துள்ளி எழுந்து, "என்ன மந்திரம் போட்டீர் ஆசானே?" என்றார்.

தளவாய் முந்திக்கொண்டார். "மந்திரமில்லை மகாராஜா, துரோகம்! அணி முழுவதும் தங்களுக்கு முதுகு காட்டி ஆடியது. அதற்குத்தான் இவர் ஆசனத்தைத் திருப்பினார். சட்டப்படி எல்லார் தலையும் போக வேண்டும்!"

பிள்ளைகளின் முகம் வெளுத்தது. ராஜாவின் புருவம் ஏறியது.

திருமேனி பணிவாகக் கேட்டார். "தளவாய் அவர்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"இந்த இரண்டு கண்ணால்! ஆரம்பம் முதல் கடைசி வரை!"

"எங்கே நின்று?"

"ஆசனத்துக்குப் பின்னால், மைதானத்தைப் பார்த்து..." தளவாயின் வாய் அப்படியே நின்றது.

"மைதானத்தைப் பார்த்து நின்றீர்கள், சரி. அப்போது உங்கள் முதுகு யார் பக்கம் இருந்தது?"

தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது. "மகாராஜா, நான்... ஆட்டத்தையே பார்க்கவில்லை! தங்களைப் பார்த்தபடிதான் நின்றேன். மைதானப் பக்கம் திரும்பவே இல்லை!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் பார்க்கவில்லை, தளவாயும் பார்க்கவில்லை. பிறகு குற்றம் ஏது? திருமேனி, என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நேராக நடந்து போக அனுமதி கொடுங்கள் மகாராஜா. அது போதும்."

"கொடுத்தேன்!"

மறுநாள் சபை கலைந்தது. திருமேனி கையை வீசிக்கொண்டு நேராக வெளியே நடந்தார். பின்னாலேயே, அனுமதி இல்லாத தளவாய் பின்பக்கமாக வந்தார்.

ணங்!

திருமேனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரிசல்குளத்துத் தைலம் ஒரு குடம் இருக்கிறது தளவாய். பாவம், தேய்த்து விடச் சொல்லட்டுமா?"