அறிக்கையில் இல்லாத அடுப்பு

மக்காச்சோளத்தில் எத்தனால் காய்ச்சும் ஆலை அது. கொதிகலனுக்கு விறகு தள்ளுகிறவள் ராக்காயி.

"ஒரு பங்கு எரிபொருள் செலவழித்தால் இரண்டு பங்கு எரிபொருள் கிடைக்கும்" என்று அறிக்கை வாசித்தார் நிபுணர் ஞானமூர்த்தி.

"என் விறகையும் சேர்த்தீங்களா சாமி?"

"அடுப்பெல்லாம் என் ஆய்வில் வராது. நீ என்ன படிச்சிருக்கே? விறகும் கணக்குல வரணும்னா நாளைக்கு அமைச்சர் வர்றதுக்குள்ளே ஆதாரம் காட்டு. இல்லேன்னா வேலை போயிடும்."

மறுநாள் எத்தனால் பிடிக்க அமைச்சர் குப்பியோடு குழாயடியில் நின்றார். குழாய் சொட்டவே இல்லை. ஆறிப்போன அடுப்பின் முன்னே ராக்காயி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பத்தவைக்கலே?" என்று கத்தினார் நிபுணர்.

"அறிக்கையில இல்லாத அடுப்புல எப்படிச் சாமி விறகு வைக்கிறது?"

"விறகில்லாம ஒரு சொட்டுக்கூட இறங்காதே!"

"கேட்ட ஆதாரம் இதுதானுங்க. படிச்சவங்க வாயாலேயே வந்திருச்சு."

அமைச்சர் காலிக் குப்பியை நிபுணரின் கையில் கொடுத்தார். மறு கையில் ராக்காயி ஒரு விறகுக் கட்டையைக் கொடுத்தாள்.