வானத்தில் இடம் கேட்ட மைத்துனன்

செங்கல்லில் கோபுரம் கட்டி, களிமண்ணில் கடிதம் எழுதிய அந்தப் பழைய காலத்தில், பாபிலோன் தேசத்தை இரீபு என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ராணி முகம் சுளித்தால் மட்டும் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ராணிக்கு ஷூமா என்று ஒரு தம்பி. அவனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், அது அவனுக்கே தெரியாது.

அந்த நகரத்துக் கோபுரத்தின் உச்சியில் உபார் என்ற வானசாஸ்திரி இருந்தார். பருவத்துக்குரிய நட்சத்திரம் உதித்ததும், விடியலில் கொம்பு ஊதி ஊருக்குக் கூவுவார். "கூலியாள் வந்துவிட்டான்! கையில் மண்வெட்டி கொடுங்கள்!" என்று கூவினால் விதைப்புக் காலம். ஆமாம், அந்த ஊர் வானத்தில் கூலியாள் என்றே ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. வெள்ளாடும் உண்டு, வண்டியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கூவுவதற்கு ஒரு வாசகம். அது கோயில் வழக்கம், மாற்றக்கூடாது.

ஒருநாள் ஷூமா அரண்மனையில் குதித்தான்.

"என்ன மச்சான் இது அநியாயம்! வானத்துல கூலிக்காரனுக்கு இடம் இருக்கு, ஆட்டுக்கு இடம் இருக்கு, ராணி கூடப்பொறந்தவனுக்கு இல்லையா?"

ராணி முகம் சுளித்தாள். ராஜா உடனே உபாரை வரவழைத்தான்.

"சாஸ்திரியாரே, கூலியாளைத் தூக்கிட்டு ஷூமான்னு பேர் வைங்க. முடியாதுன்னா கோபுரத்தை விட்டு எறங்கிடுங்க."

கோபுரம்தான் உபாரின் உயிர். அதைவிட, பேர் மாறி ஊர் குழம்பினால் விதைப்பு தவறும், விதைப்பு தவறினால் எல்லாரும் பட்டினி. கலங்கிப்போய் நின்றவருக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

"பேரை மாத்திடறேன் பிரபு. ஆனா வாசகத்துல கை வைக்க முடியாது."

"வாசகம் கெடக்கட்டும், எனக்குப் பேருதான் முக்கியம்!" என்றான் ஷூமா, தாடிச் சுருளை நீவிக்கொண்டே.

விதைப்புப் பருவம் வந்தது. கொம்பு முழங்கியது.

"ஷூமா வந்துவிட்டான்! கையில் மண்வெட்டி கொடுங்கள்!"

மண்வெட்டி என்றதும் விதைப்பு என்று ஊருக்குப் புரிந்தது. ஷூமாவைப் பிடிக்கவேண்டும் என்பதும் புரிந்தது. பட்டு மெத்தையிலிருந்து அவனை எழுப்பி, "வாங்க தம்பி, வாய்க்கால் காத்துக்கிட்டு இருக்கு" என்று கூட்டிப்போனார்கள். சாயங்காலம் கொப்புளக் கையோடு நொண்டி நொண்டி வந்தான்.

"கூலியாள் வேணாம் மச்சான். வெள்ளாடு குடுங்க. ஆட்டுக்கு என்ன வேலை? மேயுது, தூங்குது!"

அதுவும் நடந்தது. வெள்ளாட்டின் நாளில் உபார் கூவினார்.

"ஷூமா வந்துவிட்டான்! கழுவிக் கறந்துவிடுங்கள்!"

பெண்கள் குடமும் கையுமாக வாசலில் திரண்டார்கள். அப்புறம் நடந்ததை நான் சொல்லமாட்டேன். பால் வரவில்லை, அவ்வளவுதான். சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்தவனைப் பார்த்து ராஜா சிம்மாசனத்திலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். ராணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷூமாவுக்கு ரோஷம் விடவில்லை. "வண்டி! வண்டின்னா ஏறி உக்காந்து ஜம்முனு போறதுதானே?"

அறுவடை வந்தது.

"ஷூமா வந்துவிட்டான்! நுகத்தில் பூட்டி மூட்டை ஏற்றுங்கள்!"

பூட்டினார்கள், ஏற்றினார்கள். வாற்கோதுமை மூட்டைகளைக் களஞ்சியம்வரை இழுத்த ஷூமா, அப்படியே கோபுரத்துப் படிகளில் தவழ்ந்து ஏறி உபாரின் காலைக் கட்டிக்கொண்டான்.

"சாமி! என் பேரை வானத்துலேர்ந்து எறக்கிடுங்க!"

"எறக்கிடலாம் தம்பி. இடத்தைச் சும்மா விட முடியாதே, அங்கெல்லாம் யார் பேரைப் போடட்டும்?"

ஷூமா மூச்சு வாங்கினான். தோளைத் தடவிக்கொண்டான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தந்த வேலையை யாரு செய்யுறாங்களோ, அவங்க பேரையே போடுங்க சாமி! அவங்களுக்குத்தான் அது தகும்!"

ஆகவே கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே: ஒரு பேரின் பெருமை, அந்தப் பேருக்குரிய பாரத்தைச் சுமப்பவருக்கே சொந்தம்.