ராஜாவின் காலடியில் சுட்ட கீரைப் பக்கோடா

முன்னொரு காலத்தில், பெயர் சொல்ல எனக்கு வாய் வராத ஒரு நாட்டில், ஒரு ராஜாவுக்குக் கீரைப் பக்கோடாவின் மேல் ஆசை வந்தது. சாதாரண ஆசையல்ல. கடித்தால் மொறுமொறுவென்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் சபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும்.

அரண்மனைச் சமையற்கட்டில் நன்றாகத்தான் சுட்டார்கள். ஆனால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து ராஜாவின் வாய்க்கு வருவதற்குள் பக்கோடா பெரும் பயணம் போக வேண்டியிருந்தது. வெள்ளித் தட்டில் வைத்து வெள்ளி மூடி போடுவார்கள். விஷம் இருக்கிறதா என்று ருசி பார்ப்பவர் ஒரு துண்டு தின்று, தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியாகும்வரை உட்கார்ந்திருப்பார். அதற்குள் மூடிக்குள் ஆவி வேர்த்து, பக்கோடா ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். ராஜா கடிப்பார், சத்தம் வராது. சமையற்காரர் முதுகில் சவுக்கடி விழும். அந்தச் சத்தம் மட்டும் சபை முழுக்கக் கேட்கும்.

மருதக்கூத்தன் என்ற விகடகவி அந்தச் சபையில் இருந்தான். ஒருநாள் சவுக்கு ஓங்கியபோது அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"மகாராஜா, குற்றம் செய்தது மூடி. அதைக் கட்டி வைத்து அடியுங்கள். என் வீட்டில் மூடி கிடையாது. என் மனைவி பக்கோடா சுட்டால், கடிக்கிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும்."

ராஜா சிரித்தார். ஓங்கிய சவுக்கு அடிக்காமலே தாழ்ந்தது. சமையற்காரர் தப்பித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டு வயிறு எரிந்தவர் பிரதானி அனந்தராயர். ராஜா தம்மிடம் யோசனை கேட்பதைவிட விகடகவியிடம் பேசுவதே அதிகமாகிவிட்டது என்று அவருக்கு வெகுநாளாக ஆத்திரம். அவர் எழுந்து வணங்கினார்.

"பிரபு, சபையில் சொன்ன சொல்லை விகடகவி மெய்ப்பிக்கட்டும். வெள்ளிக்கிழமை சபையில், தம் வீட்டில் சுட்ட பக்கோடாவைத் தாங்கள் மொறுமொறுப்பாகச் சுவைக்கும்படி அவர் செய்ய வேண்டும். வேறு எந்த வீட்டு அடுப்பும் கூடாது. தவறினால் பொய் சொன்ன நாக்கை அறுக்க உத்தரவாக வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவருக்குப் பக்கோடா கிடைத்தால் சரி.

மருதக்கூத்தன் வீடு கோட்டைக்கு வெளியே கீழவீதியில் இருந்தது. ஓடிவந்தால் ஓரளவு சூட்டோடு கொண்டுவந்துவிடலாம் என்று அனந்தராயருக்கும் தெரியும். அதனால் வியாழக்கிழமை யானைக்கொட்டாரத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று ஓர் ஓலையை நீட்டினார். ராஜா படிக்காமலே முத்திரை வைத்தார்.

அன்று மாலை மருதக்கூத்தன் திரும்பியபோது கீழவீதி இல்லை. கொட்டாரத்துக்கு இடம் வேண்டுமென்று யானைகளை விட்டு இடித்திருந்தார்கள். அவன் வீட்டை மட்டும் இடித்தால் சந்தேகம் வரும் என்று தெருவையே இடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ராக்காயி, பச்சைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"என் நாக்குக்கு வெச்ச குறி, செங்கமலம். ஊர்க்காரங்க தலையில விழுந்துடுச்சு" என்றான் மனைவியிடம்.

செங்கமலமோ, விழுந்து கிடந்த மண்சுவரைப் புரட்டிப் புரட்டி, அடியில் நசுங்காமல் இருந்த முளைக்கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு? சுடறதுக்கு வீடு எங்க இருக்கு?"

"வீடு எங்க இருக்குன்னு நீங்க யோசிங்க. அதுதானே உங்க வேலை? மண்ணு போகக் கழுவி, ஈரம் போக உலர்த்தணும். ஈரம் இருந்தா மொறுமொறுப்பு வராது."

வெள்ளிக்கிழமை சபை கூடியது. ராஜா அரியணையில் அமர, கட்டியக்காரர் வழக்கம்போல முழங்கினார்.

"ராஜாதிராஜன்! வழியற்றோர்க்கு வழி! விழியற்றோர்க்கு விழி! வீடற்றோர்க்கு வீடு! பராக்! பராக்!"

பராக் ஓய்வதற்குள் மருதக்கூத்தன் உள்ளே வந்தான். தலையில் அடுப்பு. பின்னால் எண்ணெய்ச் சட்டியும் கீரைக்கூடையுமாகச் செங்கமலம். நேரே போய் அரியணையின் படியில் அடுப்பை இறக்கி விறகு மூட்டினான்.

"அடே! என்ன செய்கிறாய்?" என்று ராஜா காலைத் தூக்கிக்கொண்டார்.

"என் வீட்டில் அடுப்பு மூட்டுகிறேன், மகாராஜா."

"இது அரண்மனை!" என்று கத்தினார் அனந்தராயர்.

"அரண்மனை அல்ல ஐயா, மகாராஜாதான் என் வீடு. நேற்று என் வீட்டை யானை இடித்துவிட்டது. நான் வீடற்றவன். வீடற்றோர்க்கு மகாராஜா வீடு என்று இப்போதுதான் கட்டியக்காரர் சொன்னார். தினமும் சொல்கிறார். அது பொய்யென்றால் அறுக்க வேண்டிய நாக்கு அவருடையது. மெய்யென்றால் என் வீட்டில் சுட என்னை விடுங்கள்."

கட்டியக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

செங்கமலம் எதையும் காதில் வாங்கவில்லை. நறுக்கிய கீரையில் கடலை மாவும் கொஞ்சம் அரிசி மாவும் போட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மேலே ஊற்றினாள். உப்பைக் கடைசியில் தூவி, தண்ணீரைத் தெளித்தும் தெளிக்காமலும் பிசறினாள். உதிரி உதிரியாகக் கிள்ளிப் போட்டாள். எண்ணெய் இரைந்தது. இரைச்சல் அடங்கியதும் அரித்தெடுத்தாள்.

ருசி பார்ப்பவர் கையை நீட்டுவதற்குள் ராஜா எடுத்துக் கடித்துவிட்டார். மொறுக்கென்ற சத்தம் தூண்களில் பட்டுத் திரும்பியது. சபை கைதட்டியது.

"பலே, மருதக்கூத்தா!" ராஜாவுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. "நானே வீடாம்! கேட்டீரா, அனந்தராயரே?" அனந்தராயரும் சிரிக்க வேண்டியதாயிற்று. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மருதக்கூத்தன் கழுத்தில் போட்டார். கோட்டைக்குள்ளே அவனுக்கும் மனைவிக்கும் ஒரு மாடிவீடு என்று உத்தரவிட்டார்.

மருதக்கூத்தன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டான்.

"மகாராஜா, இது விகடமில்லை. கீழவீதி முழுக்க இடிந்து கிடக்கிறது. பச்சைக்குழந்தையோடு மரத்தடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடற்றோர் என்றுதான் பெயர்."

ராஜா அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்.

"அத்தனை பேரும் அடுப்போடு என் மடியில் வந்து உட்கார்ந்தால் நான் எங்கே உட்காருவது? ஐயோ, வயிறு வலிக்கிறது, போதும்!"

சபையே உருண்டது. அடுத்த பக்கோடாவுக்கு ராஜா கை நீட்டினார். செங்கமலம் கொடுத்தாள்.

மாடிவீட்டுக்கு ராக்காயியையும் குழந்தையையுமாவது அழைத்துப்போகலாம் என்று பார்த்தார்கள். உத்தரவில் இரண்டு பேர்தான் என்று கோட்டைவாசல் காவலாள் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். தெருக்காரர்கள் கிடைத்த சட்டிபானையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ராக்காயி கேட்டாள். "ராசா சிரிச்சாராமே, அண்ணே?"

"சிரிச்சார்."

"எங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னேன், தாயி" என்றான் மருதக்கூத்தன். "அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சார்."