ஆணி அடிக்கக் கூடாத வீடு

“வீட்டையா விட்டுட்டுப் போயிருக்கான் அவன்? கொன்னு போட்டுட்டில்ல போயிருக்கான், படுபாவி!”

மடத்து வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார் மாசிலாமணி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறவர். சின்ன வயதில் கயிறு பிடிக்க வந்து, உதைபட்டு, ஏமாந்து, அந்த ஏமாற்றத்திலேயே தொழில் படித்து மேலே வந்த ஆள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து அவர் விலை பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவனுக்கு வேர்த்துவிடும். அப்பேர்ப்பட்டவர் குரலைத் தாழ்த்துவது ஊரிலேயே ஒருவரிடம்தான். அவரைவிடப் பத்து வயது இளையவரான மடத்து அம்மா அமிர்தவல்லி. அன்றைக்கு அவரிடமும் குரல் தாழவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “யாரைச் சொல்றீங்க?”

“எங்கிட்டக் குடியிருந்தவனைத்தான். ஒன்பது வருசம்! என் சம்சாரத்துக்கு முட்டி போச்சு, மாடிப்படி ஏற முடியலைங்கறா. சரி, சொந்த வீட்டுக்கே போயிரலாம்னு அவனைக் காலி பண்ணச் சொன்னேன். நாளைக்குப் பால் காய்ச்சறோம். முன்னறைக்கு வெள்ளையடிச்சாச்சான்னு பார்க்க இன்னிக்குப் போய்ப் பூட்டைத் திறந்தா, அடுப்படிச் சுவரெல்லாம் ஆணிங்கம்மா! ‘என் வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது’ன்னு சொல்லித்தானே சாவியே குடுத்தேன்?”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“புதுசாக் குடிபோன தெருவுல, அவன் பிள்ளைங்க கண்ணு முன்னால, சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வரப் போறேன். சந்தையில ரெண்டு ஆளுங்க வண்டியோட நிக்கறாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார். மாசிலாமணிக்கு அது பொறுக்கவில்லை.

“அடிக்காதேன்னு மட்டும் சொல்லிராதீங்க. உங்களுக்காக வேணும்னா ஒரே ஒரு அறையோட விட்டர்றேன். அதுக்குக் கீழே எறங்க எனக்குக் கட்டாதுங்கம்மா.”

“வீட்டைக் கெடுத்தவங்கதான் வந்து சரி பண்ணணும். அதுல பேரமே இல்லை,” என்றார் அம்மா.

சண்டைக்குத் தயாராக வந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை.

“ஆனா முதல்ல நான் வீட்டைப் பார்த்துடறேன். வாங்க.”

வழியில் அம்மா கேட்டார். “நடுவுல நீங்க போய்ப் பார்க்கலைங்களா?”

“எதுக்கு? வாடகை சந்தைக்கே வந்துரும். அவன்தான் ஐப்பசி பிறந்தாப் போதும், போன் பண்ணி உசிரை எடுப்பான். ‘அண்ணா, ஒரு தடவை வந்து பாருங்கண்ணா, ஒரு தடவை வந்து பாருங்கண்ணா.’”

“என்னத்தைப் பார்க்கச் சொன்னார்?”

“அதையெல்லாம் யாரு கேட்டா? அடுத்த வாரம் வரேம்ப்பேன். வெச்சுருவேன்.”

முன்னறையில் புதுச் சுண்ணாம்பு வாசம். அடுப்படி மேடையில் நாளைக்கான அடுப்பு, மஞ்சள் கட்டிய பித்தளைச் சொம்பு, புதுக் கரண்டி எல்லாம் அவர் மனைவி ஆள்விட்டு வைத்திருந்தார். அதற்கு நேர்மேலே, கரி பிடித்த சுவரில் வரிசையாக ஆணிகள். அவற்றின்மேல், சுவரோரமாக நீளவாக்கில் மடித்த ஒரு தகரம். ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“பாருங்க, பரண் கட்டியிருக்கான்! அதையாவது நேராக் கட்டினானா? கோணல் புத்திக்காரன்.”

அம்மா தகரத்தைப் பார்த்தார். மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக் கிடந்தது.

“குறடு இருக்குங்களா?”

“இருக்கு.”

“அவர் அடிச்ச ஆணியெல்லாம் நீங்களே பிடுங்கிடுங்க. அவர் செஞ்சது எதுவும் உங்க வீட்டுல வேண்டாம்.”

இதைவிட நல்ல வாக்கு மாசிலாமணி கேட்டதில்லை. முக்காலி மேல் ஏறினார். ஆணிக்கு ஒரு வசவு என்று பிடுங்கிப் போட்டார். ஓட்டின்மேல் சடசடவென்று மழை விழ ஆரம்பித்தது. இடுப்பில் போன் அடித்தது. சந்தையில் நின்ற ஆட்களில் ஒருவன்.

“அண்ணா, கிளம்பட்டுங்களா?”

“இருடா. இன்னும் ரெண்டு ஆணி பாக்கி.”

போனை மேடைமேல் வைத்தார். கடைசி ஆணி வந்ததும் தகரம் அவர் தோளில் இடித்துக் கீழே விழுந்தது. அது இருந்த இடத்தில், உடைந்த ஓடுகளின் வழியே, குழாயைத் திறந்துவிட்டதுபோலத் தண்ணீர் கொட்டியது. அடுப்பு நனைந்தது. பித்தளைச் சொம்பு கரித்தண்ணீரால் நிறைந்தது.

“ஐயோ, அம்மா! நாளைக்குப் பால் காய்ச்சணுமே!”

அடுப்பை இந்தப் பக்கம் இழுத்தார். அங்கேயும் ஒழுகியது. அந்தப் பக்கம் தள்ளினார். அங்கேயும். முட்டி போனவள் வழுக்கிவிழத் தோதாகத் தரையெல்லாம் தண்ணீர். வேறு வழி தோன்றாமல் தகரத்தைத் தூக்கி, முக்காலிமேல் ஏறி, இரண்டு கையாலும் பழைய இடத்தில் சுவரோடு அழுத்திப் பிடித்தார்.

ஒழுக்கு நின்றது. கோணலான தகரத்தில் தண்ணீர் சமர்த்தாக ஓடி, ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது.

மாசிலாமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோள் கடுத்தது. கையை எடுக்க முடியவில்லை. வசவும் வரவில்லை.

மேடைமேல் போன் மறுபடி அடித்தது. அம்மா எடுத்து அவர் காதோரம் பிடித்தார்.

“அண்ணா, மழை வலுக்கறதுக்குள்ள வந்துட்டோம், அவன் வீட்டு முனையிலதான் நிக்கறோம். இழுத்துட்டு வந்துரட்டுங்களா?”

மாசிலாமணி அம்மாவைப் பார்த்தார். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. “என்னங்கம்மா சொல்லட்டும்?”

“அவரை விட்டுறச் சொல்லுங்க. வீட்டு ஓனரை இழுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒன்பது வருசமாக் கூப்பிட்டும் வரலை. இன்னிக்காவது வந்து இந்தக் கூரையைச் சரி பண்ணட்டும்.”