பச்சை ரோஜா இதழ் துறந்தது

அந்தக் காலத்தில் செடிக்கும் பூச்சிக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. வழிப்போக்கருக்கு வேலி முள் வழி சொல்லும். கிணற்றுத் தவளை தண்ணீரின் ஆழம் சொல்லும். அப்போது ரோஜாக்கள் யாவும் விதையிலிருந்தே முளைத்தன. அவற்றுக்கு ஒரு வரமும் இருந்தது. வாழ்நாளில் ஒரு முறை, மொட்டு மூடியிருக்கும்போது, ஒரு செடி தன் பூவின் நெசவை மாற்றிக்கொள்ளலாம். சிவப்பை வெள்ளையாக்கலாம், ஒற்றை அடுக்கைப் பல அடுக்காக்கலாம். ஆனால் மாற்றிய பிறகு பழைய நெசவு அதற்கு மறந்துபோகும்.

மஞ்சுக்கல் மலையின் கிழக்குச் சரிவில் பூவாத்தாள் என்றொருத்தி வாழ்ந்தாள். ரோஜா சேர்ப்பது அவள் வழக்கம். அழகான ரோஜாவுக்கு ஆள் பலர் உண்டு என்று சொல்லி, பிறர் ஒதுக்கியவற்றையே அவள் தேடிப்போவாள். தலை கவிழ்ந்தே பூப்பது, விரிந்த அன்றே உதிர்வது, பூவைவிட முள் மிகுந்தது என எல்லாமே அவள் தோட்டத்தில் இடம் பெற்றன. அவற்றுள் ஒன்றின்மேல் மட்டும் அவளுக்குத் தனிப்பிரியம். மெலிந்த தண்டும் இளஞ்சிவப்புப் பூவுமாக, வாசம் அதிகமில்லாமல், வேலியோரம் நின்ற செடி அது.

ஒரு கோடை வந்தது. அடுத்த பருவம் வந்தும் அது மலையை விட்டு இறங்கவில்லை. ஊற்றுகள் அடங்கின. மரத்தேனீக்கள் கூட்டை விட்டுப் பறந்துபோயின. பூவாத்தாளின் ரோஜாக்கள் ஒவ்வொன்றாகச் சுள்ளியாயின. சாமை கழுவிய தண்ணீரை அவள் ஒரே செடிக்கு ஊற்றினாள், அந்த வேலியோரச் செடிக்கு. அது தன் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, இருந்த ஈரம் முழுவதையும் உச்சியில் இருந்த ஒற்றை மொட்டுக்கு அனுப்பியது.

மலையாத்தா கோயிலில் மழைக்காக நோன்பு சாட்டி, நாளும் குறித்திருந்தார்கள். அம்மனின் உச்சியில் வைக்க ஒரு பூ வேண்டும். மலை முழுவதும் தேடியும் பூ இல்லை. "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. நோன்பன்னைக்கு விரியும்" என்று பூவாத்தாள் ஊர் முன்னே வாக்குக் கொடுத்தாள்.

நோன்புக்கு முந்தைய மாலை, அந்த மொட்டைச் சுற்றி ஓர் இலைவெட்டித் தேனீ வந்து ரீங்கரித்தது. மேற்குச் சரிவில் கதை சொல்வோர் இதை எறும்பு என்பர். எறும்புக்குக் கூட்டை அடைக்க இலை தேவையில்லை. ஆதலால் தேனீ என்ற பாடமே பொருந்தும்.

"அக்கா, ஒரு இலை இருக்குமா?"

"எங்கிட்ட ஏது இலை, தங்கச்சி? பாரு, மொட்டையா நிக்கிறேன்."

"வேலி மூங்கில்ல முட்டை வச்சிருக்கேன். உள்ள எல்லா அறைக்கும் இலை சுத்தியாச்சு. வாசலுக்குத்தான் மூடி இல்லை. எறும்பு மோப்பம் பிடிச்சுடுச்சு. நாளைக்கு வெயில் ஏறினா உள்ள போயிடும்."

"மலையில வேற இலையே இல்லையா?"

"ஆவாரங்கூடக் காஞ்சிடுச்சு. உன் மொட்டுல ஒரு ஓரம் கொடேன்."

"இதழ் உனக்கு ஆகாது. வெயில் பட்டா சுருண்டுடும். எறும்பு ஒரு கடியில கிழிச்சுடும்."

தேனீ மூங்கில் குழலுக்குத் திரும்பி, அதன் வாயில் தன் உடலையே அடைப்பாக வைத்து உட்கார்ந்தது. செடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மொட்டு அம்மனுக்கென்று நேர்ந்துவிட்டது. பூவாத்தாளின் வாக்கு அதில் இருந்தது. நெசவை மாற்றினால் தனக்கு என்ன நேரும் என்பதும் செடிக்குத் தெரியும்.

"தங்கச்சி, விடிஞ்சதும் வா" என்றது.

பின்பு அந்த மொட்டினுள் நடந்ததை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. இளஞ்சிவப்பு நூல் ஒவ்வொன்றாகப் பிரிந்து வேருக்குத் திரும்பியது. பட்டு இருந்த இடத்தில் நரம்பு ஓடியது. நரம்பின் இருபுறமும் பச்சை பரவியது. ஓரங்களில் இலைக்குரிய சின்னஞ்சிறு பற்கள் எழுந்தன. இதழ் இலையானதும் மகரந்தத் தாள்கள் இலையாயின; நடுவில் இருந்த சூலும் இலையானது. மாற்ற இனி எதுவும் இல்லை என்றானபின் மொட்டு விரிந்தது. மலை முழுவதும் பழுப்பேறிக் கிடந்த அந்த விடியலில், பச்சையாய் இருந்தது அது ஒன்றுதான்.

பூவாத்தாள் கூடையுடன் வந்தபோது, பூவின் ஓரங்கள் வட்டவட்டமாக வெட்டப்பட்டிருந்தன.

"என்ன காரியம் செஞ்சே?"

"இலை கேட்டா. கொடுத்தேன்."

"ஆத்தாளுக்கு நான் எதைக் கொண்டுபோவேன்?"

"இதையே கொண்டுபோ."

வேறு பூ இல்லாததால் அதையே கொண்டுபோனாள். கோயிலில் கூடையைத் திறந்ததும் அவளுடைய நாத்தனார் குப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, பூக் கொண்டாரச் சொன்னா கீரை கொண்டாந்திருக்கீங்க. அதுவும் பூச்சி அரிச்ச கீரை. பருப்புக்கு ஆகுமா?"

கூட்டம் சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. "இதை ஆத்தா உச்சியில வச்சா மழை வராது, இடிதான் வரும்" என்று பூவை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டார்.

பூவாத்தாள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள். அவள் ஓங்கிப் போட்ட வெட்டில் ஒரு பக்கத்து வேர்கள் அறுந்தன. செடி சாய்ந்தது, அதன் நீண்ட கிளை தரையில் படிந்தது. மறு வெட்டுக்கு அவள் ஓங்கியபோது தேனீ அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

"அம்மிணி, கொட்ட வரல. வெட்டறதுக்கு முன்னாடி வேலியை ஒரு தரம் பாத்துட்டு வெட்டு."

மூங்கில் குழலின் வாயில் பச்சை வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டப்பட்டிருந்தன. எறும்புகள் வரிசையாக வந்து, மூடியைத் தொட்டு, சுற்றி நடந்து, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தன. பூவாத்தாள் குழலில் காதை வைத்தாள். காய்ந்த மலையில் எங்கும் கேட்காத ஓர் ஒலி உள்ளே இருந்தது, எதுவோ வளர்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டி அவள் கையிலிருந்து நழுவியது. சாய்ந்த செடியின் அடியில் மண்ணை வாரி அணைத்தாள். கிளையை நிமிர்த்தினால் ஒடிந்துவிடுமென்று, படிந்தபடியே விட்டு அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள்.

மழை தாமதித்தே வந்தது. அம்மனே கை நீட்டிப் பச்சைப் பூவை எடுத்துக்கொண்டதால் வந்தது என்று ஒரு பாடம் உண்டு. பலரும் சொல்வது இதுதான்: மலையெல்லாம் சருகாகியிருந்தும், படியில் கிடந்த அந்தப் பூ மட்டும் மழை வரும்வரை வாடாமல் இருந்தது. நாள்தோறும் வாசல் கூட்ட வந்த குப்பாயி அதைப் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

ஈரம் இறங்கியதும் எல்லாரும் அவரை விதை போட்டார்கள். கொடி ஏறியது, பூத்தது, காய் பிடிக்கவில்லை. பூவுக்குப் பூ செல்லத் தேனீ இல்லை. ஊர் கலங்கி நின்ற வேளையில் மூங்கில் குழலின் பச்சை மூடி உள்ளிருந்து திறந்தது. சின்னஞ்சிறு தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலுக்கு வந்து, சிறகை உலர்த்தி, சரிவு முழுவதும் பரவின. அவை தொட்ட கொடியெல்லாம் காய்த்தது. சிரித்தவர் அடுப்பிலும் அந்த ஆண்டு அவரைக்காய் வெந்தது.

ஆனால் வேலியோரச் செடி வாடியது. அறுந்த வேர்கள் பிழைக்கவில்லை. பூவாத்தாள் அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு விதையாவது கொடு. உன் இனத்தை நான் காப்பாத்தறேன்."

"விதை எனக்கு இனி இல்லை, பூவாத்தா. சூலும் இலையாப் போயிடுச்சு."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"மொட்டுக்குள்ள இருந்தப்பவே தெரியும்."

அதற்குப் பின் அடித்தண்டு பேசவில்லை. அது கருத்துச் சுள்ளியானது. பூவாத்தாள் அழுதுகொண்டே, கல்லை அகற்றி, படிந்த கிளையை எடுக்கப் போனாள். கிளை வரவில்லை. மண் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலால் மண்ணை மெல்ல விலக்கினாள். முள் இருந்த இடத்துக்குக் கீழே, வெள்ளை நூல்போல வேர்கள் இறங்கியிருந்தன. நுனியில் ஒரு தளிரும் இருந்தது. கிளை வேர்விடும் என்பது அதுவரை மனிதருக்குத் தெரியாது, ரோஜாவுக்கே தெரியாது.

பூவாத்தாள் வெகுநேரம் தொடாமல் பார்த்திருந்தாள். பின் கேட்டாள்: "நீ அதோட மகளா?"

"மகள் இல்லை. நான்தான்" என்றது தளிர்.

அந்தச் செடி மறுபடி நிமிர்ந்து, மறுபடி பச்சையாகவே பூத்தது. ஒருநாள் குப்பாயி வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

"அண்ணி, எனக்கும் அதுல ஒரு கிளையை மண்ணுல அழுத்தி வச்சுக் குடுங்க."

"கீரைதானே இது? பருப்புக்கா?"

"படியில கிடந்ததை நாந்தான் தினமும் பாத்தேன். அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரல."

பூவாத்தாள் தயங்கினாள். உலகில் இது ஒன்றுதான். கிளை ஒடிந்து வேரும் வாடினால் பிறகு எதுவும் இல்லை. அவள் செடியைப் பார்த்தாள்.

"குடு, பூவாத்தா" என்றது செடி. "ஒரே வேலிக்குள்ள நான் இருந்தா இன்னொரு கோடை என்னை முடிச்சிடும். எனக்கு இனிமே உங்க கைதான் விதை."

அவள் கிளையை வளைத்தாள். கல் வைத்தாள். வேர் பிடித்ததும் அறுத்துக் குப்பாயியின் கையில் கொடுத்தாள். குப்பாயி தன் செடியிலிருந்து அடுத்த சரிவுக்குக் கொடுத்தாள். அடுத்த சரிவு அடுத்த மலைக்குக் கொடுத்தது.

அன்று முதல்தான் ரோஜாவின் கிளையை மண்ணில் வளைத்துப் பதியம் போடுகிறார்கள். முதல் பதியச் செடியை அடுத்தவர் தோட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். இலையில் வட்டமாய் வெட்டிப்போகும் தேனீயை விரட்டாமல் விடுகிறார்கள். அன்று முதல்தான் பச்சை ரோஜா இதழும் விதையும் இல்லாமல் பூக்கிறது. அதற்குப் பிள்ளை இல்லை. ஆகவே எந்த ஊரில், எவர் தோட்டத்தில் அதைக் கண்டாலும், அங்கே நிற்பது வேலியோரம் சாய்ந்த அதே செடிதான்.